'யூ' என்றால் நீயா, நீங்களா? – ஓர் ஆங்கிலச் சொல்லும் அதன் பிரெஞ்சு வடிவங்களும்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'யூ'. மூன்றே எழுத்து. அரசருக்கும் அதே சொல், ஆண்டிக்கும் அதே சொல். எதிரே ஒருவர் நின்றாலும் ஓராயிரம் பேர் நின்றாலும் 'யூ'தான். இவ்வளவு எளிய சொல்லைப் பிரெஞ்சு மொழியில் எழுதுவதில் என்ன சிரமம் இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தொழில்நுட்பச் சொற்கள் எதுவும் தங்களை இவ்வளவு தொல்லைப்படுத்தியதில்லை என்பார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவன். பிழைப்புக்காக பெங்களூர் வந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள்களைப் பிற மொழிகளுக்கு மாற்றித் தரும் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். எங்கள் குடியிருப்பில் உள்ள இளைஞர்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தோடு மாலை வேளைகளில் வருவதுண்டு. அவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "யூ என்பதற்குப் பிரெஞ்சில் எது சரி சார்? தூவா, வூவா?" அவர்களுக்குச் சொன்ன விளக்கத்தையே நம் வாசகர்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது. ஏனெனில் இது பிரெஞ்சு படிப்பவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

ஆங்கிலம் தொலைத்த 'நீ'

ஆங்கிலத்தில் எப்போதுமே 'யூ' மட்டும் இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஒருவரை அழைக்க 'தவ்' என்றும், பலரை அழைக்க 'யீ', 'யூ' என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. அதாவது 'தவ்' என்பது நம்முடைய நீ. 'யூ' என்பது நீங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சு பேசிய மேட்டுக்குடியினரின் பழக்கத்தைப் பார்த்து, ஒருவரையே மரியாதைக்காகப் பன்மையில் 'யூ' என்று அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியது. மரியாதைச் சொல்லை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்ற தயக்கத்தில் நாளடைவில் எல்லோருக்கும் 'யூ' சொல்லத் தொடங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் பொது வழக்கிலிருந்து 'தவ்' பெரும்பாலும் மறைந்துவிட்டது.

மறைவதற்கு முன் அது எவ்வளவு கூர்மையான சொல்லாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1603-இல் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக், அவரை அவமதிப்பதற்காகவே வேண்டுமென்று 'தவ்' என்று அழைத்தார். அதே நூற்றாண்டில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், கடவுள் முன் எல்லோரும் சமம் என்று சொல்லி, நீதிபதியையும் பிரபுவையும் 'தவ்' என்றே அழைத்தார்கள். அதற்காக அடியும் பட்டார்கள், சிறைக்கும் போனார்கள். முதலாமவர் அந்தச் சொல்லைச் சாட்டையாக வீசினார்; இரண்டாமவர்கள் அதையே சமத்துவக் கொடியாகப் பிடித்தார்கள்.

ஆக, ஆங்கிலேயர் எல்லோரையும் ஒருமையில் அழைக்கிறார்கள் என்று நம்மில் பலர் நினைப்பது சரியன்று. உண்மையில் அவர்கள் எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைக்கிறார்கள். தங்கள் 'நீ'யைத் தொலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிரெஞ்சில் எத்தனை வடிவங்கள்?

பிரெஞ்சு மொழி இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஒருமைக்குத் 'தூ', பன்மைக்கும் மரியாதைக்கும் 'வூ'. ('தூ' என்பது நமக்குக் காறித் துப்பும் ஒலி. பிரெஞ்சுக்காரர் இதை உதட்டைக் குவித்து, 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் இடைப்பட்ட ஒலியாகச் சொல்வார்கள். ஆகவே மனம் புண்பட வேண்டாம்.) ஆங்கில 'யூ' ஒவ்வொரு இடத்திலும் எப்படி மாறுகிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. நெருங்கிய ஒருவர்: தூ. நண்பன், தம்பி, மனைவி, குழந்தை, வளர்ப்பு நாய் ஆகியோருக்கு. "உன்னை" என்று வரும்போது 'த', அழுத்திச் சொல்லும்போது 'த்வா' என்று உருமாறும். "உன்னுடைய" என்பது அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப 'தோன்', 'தா', 'தே' என மூன்றாகும்.

2. மரியாதைக்குரிய ஒருவர்: வூ. முன்பின் தெரியாதவர், மேலதிகாரி, மருத்துவர், கடைக்காரர் ஆகியோருக்கு. உடைமைக்கு 'வோத்ர்', பன்மையில் 'வோ'.

3. பலர்: வூ. நெருங்கியவர்களானாலும் ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றால் 'வூ'தான். நம் 'நீங்கள்' போலவே.

4. யாரும் இல்லாத 'யூ'. இது முக்கியமானது. ஆங்கிலத்தில் "இங்கே யூ வண்டி நிறுத்தக் கூடாது" என்பதுபோல் எழுதுவார்கள். அங்கே 'யூ' என்பது எதிரே நிற்பவர் அல்லர். யாராக இருந்தாலும் என்று பொருள். இதற்குப் பிரெஞ்சில் 'ஓன்' என்று மூக்கொலியோடு சொல்லும் தனிச் சொல் உண்டு. தமிழில் நாம் ஆளையே விட்டுவிட்டு "இங்கே வண்டி நிறுத்தக் கூடாது" என்போம். இந்த இடத்தில் 'வூ' போட்டு எழுதினால் பொதுவான விதி ஒன்று, படிப்பவரை மட்டும் சுட்டிக் கண்டிப்பதுபோல் ஆகிவிடக்கூடும்.

5. மறைந்துபோகும் 'யூ'. "தேங்க் யூ" என்பதில் யூ இருக்கிறது. பிரெஞ்சு 'மெர்சி'யிலும் இல்லை, நம் 'நன்றி'யிலும் இல்லை. "சீ யூ" என்று ஆங்கிலத்தில் விடைபெறுவதைப் பிரெஞ்சுக்காரர் 'விரைவில்' என்ற பொருளில் முடித்துவிடுவார். நாம் 'வரட்டுமா?' என்போம்.

இதற்கு நேர்மாறாக, ஆங்கிலத்தில் 'யூ' இல்லாத இடத்தில் பிரெஞ்சில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' என்ற ஒரே சொல் எல்லோருக்கும் பொருந்தும். பிரெஞ்சில் தோழனிடம் 'சில் த ப்ளே', அதிகாரியிடம் 'சில் வூ ப்ளே'. தயவுசெய்து என்று கெஞ்சுவதற்குக்கூட முதலில் நீயா, நீங்களா என்று முடிவு செய்துவிட வேண்டும்!

நம் கல்யாணப் பத்திரிகைகளின் ஓரத்தில் அச்சிடும் 'ஆர்.எஸ்.வி.பி.' என்பதும் இந்தப் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கமே: 'தயவுசெய்து பதில் தாருங்கள்'. நடுவில் நிற்கும் 'வி' என்ற எழுத்து 'வூ'தான். 'ராந்தேவூ' என்ற சொல்லின் கடைசியில் இருப்பதும் அதுவே. ஆக, பிரெஞ்சு படிக்காமலே நாம் பல ஆண்டுகளாக இந்தச் சொல்லை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

இலக்கணத்திலும் ஓர் ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். ஒருவரை 'வூ' என்று அழைத்தால் வினைச்சொல் பன்மையில் வரும். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும் பெயரடை ஒருமையிலேயே நிற்கும். இது ஆங்கிலம் வழியாகப் படிக்கும் பிள்ளைகளைக் குழப்புகிறது. தமிழ் வழியாக யோசித்தால் குழப்பமே இல்லை. "நீங்கள் வந்தீர்கள்" என்று வினை பன்மையில் சொல்கிறோம். ஆனால் ஒருவரிடம் "நீங்கள் நல்லவர்" என்கிறோம். பலரிடம் "நீங்கள் நல்லவர்கள்" என்கிறோம். அதே கணக்குதான்.

தமிழில் எத்தனை படிகள்?

பிரெஞ்சுக்காரரிடம் இரண்டு படி என்றால் நம்மிடம் இன்னும் கூடுதலாக உண்டு. நீ, நீர், நீங்கள், தாங்கள். 'நீர்' என்பது பழைய பன்மை. இன்று நீக்கும் நீங்களுக்கும் நடுவில் நிற்கிறது. தமிழ்நாட்டில் பேச்சில் அருகிவிட்டாலும், இலங்கைத் தமிழரிடம் 'நீர்' உயிரோடு இருக்கிறது. கணவன் மனைவியிடமும் ஆசிரியர் மாணவரிடமும் அன்பும் மதிப்பும் கலந்து சொல்லும் சொல் அது. 'தாங்கள்' கடிதத்திலும் மேடையிலும் வாழ்கிறது. கொங்கு நாட்டிலோ சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க' என்று கூப்பிடும் வீடுகள் உண்டு.

ஒருவரைப் பன்மையில் அழைக்கும் இந்த வழக்கம் இலக்கண முறைப்படி அமைந்ததன்று, உயர்த்திச் சொல்லும் வழக்கால் வந்தது என்று தொல்காப்பியமே சொல்லதிகாரத்தில் குறித்து வைத்திருக்கிறது. சங்கப் புலவர்கள் மன்னர்களை நேருக்கு நேர் 'நீ' என்று அழைத்தே பாடினார்கள். இறைவனை இன்றும் 'நீ' என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் கடவுளைத் 'தூ' என்றே அழைக்கிறார்கள். ஆனால் கத்தோலிக்கர்கள் தங்கள் முக்கியமான ஜெபத்தில் 'வூ' என்று சொல்லி வந்தார்கள். 1966-இல் எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான வடிவம் வந்தபோதுதான் அது 'தூ' ஆயிற்று.

'தூ' சொல்லிப் பேசுவதற்குப் பிரெஞ்சில் தனி வினைச்சொல் உண்டு: 'தூத்வாயே'. 'வூ' சொல்லிப் பேசுவதற்கு 'வூவ்வாயே'. ஆங்கிலத்தில் இதை ஒரு சொல்லில் பெயர்க்க முடியாது. தமிழில் எவ்வளவு எளிது பாருங்கள்: "ஒருமையில் பேசினான்", "வா போ என்று பேசுகிறான்", "வாங்க போங்க என்று பேசுவார்". நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது: ஆங்கில அகராதியை மூடிவைத்துவிட்டு உங்கள் அம்மா பேசும் தமிழைத் திறந்து பாருங்கள், பாதிப் பிரெஞ்சு அங்கேயே இருக்கிறது.

பாதிதான், மீதிப் பாதி வேறு

நீ என்றால் தூ, நீங்கள் என்றால் வூ என்று வாய்ப்பாடு போல் வைத்துக்கொண்டால் விரைவில் தடுக்கி விழுவோம். சொற்கள் பொருந்துகின்றன, சொல்லும் இடங்கள் பொருந்துவதில்லை.

முதலாவது, குடும்பம். இன்றைய பிரெஞ்சுக் குடும்பத்தில் பேரன் தாத்தாவைத் 'தூ' என்பான். அதில் அவமரியாதை இல்லை. நம் வீடுகளில் அம்மாவை 'நீ' என்போம், அப்பாவை 'நீங்க' என்போம். கணவன் மனைவியை 'நீ' என்பார். மனைவி கணவனை 'நீங்க' என்பார். பிரெஞ்சுத் தம்பதிகளில் இருவரும் 'தூ' என்பார்கள். பழைய குடும்பங்கள் சிலவற்றில் இருவருமே 'வூ' என்பதும் உண்டு; பிரெஞ்சு அதிபராக இருந்த ஜாக் சிராக்கும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் 'வூ' என்றே அழைத்துக்கொண்டார்கள். எதுவானாலும் போகும் சொல்லும் வரும் சொல்லும் ஒன்றாக இருக்கும். நம்மிடம் போவது ஒன்று, வருவது ஒன்று.

இரண்டாவது, அலுவலகம். பிரெஞ்சு நிறுவனங்களில் சக ஊழியர்கள் பெரும்பாலும் 'தூ' என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. "நாம் தூ சொல்லிக்கொள்ளலாமா?" என்று வயதிலோ பதவியிலோ மூத்தவர் கேட்பது வழக்கம். கேட்பதற்கு முன் நாமே தொடங்கினால் அத்துமீறலாகப் படும். அவர் கேட்ட பிறகும் நாம் 'வூ'விலேயே நின்றால், ஒதுங்கி நிற்பதாக எண்ணிக்கொள்வார். மரியாதை கூடிவிட்டாலும் மனம் நோகும் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிய பாடம். கனடாவின் கியூபெக்கில் பேசும் பிரெஞ்சில் 'தூ' இன்னும் தாராளமாகப் புழங்கும்.

மூன்றாவது, தெருவில் எதிர்ப்படும் மனிதர். வேறுபாடு மிகப் பெரியது இங்கேதான். பிரான்சில் வயது வந்த அந்நியர் யாராக இருந்தாலும் 'வூ'. உணவகத்தில் பரிமாறுபவர், வாடகை வண்டி ஓட்டுபவர், தெரு கூட்டுபவர் எல்லோருக்கும் 'வூ'. அங்கே 'தூ' என்றால் அது நெருக்கம் இல்லை, இளக்காரம். மரியாதை மேல்நோக்கியும் அப்படியே செல்லும். 2018 ஜூன் 18-ஆம் தேதி ஒரு நினைவு விழாவில் பள்ளிச் சிறுவன் ஒருவன் அதிபர் மக்ரோனைச் செல்லப் பெயர் சொல்லி நலம் விசாரிக்க, 'திரு. அதிபர் அவர்களே என்று அழைக்க வேண்டும்' என்று அவர் அங்கேயே திருத்தினார். நாடே அதைப் பற்றிப் பேசியது.

சொல்லுக்குள் இருக்கும் அதிகாரம்

1960-இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு அறிஞர்கள் ஐரோப்பிய மொழிகளின் நீ, நீங்கள் சொற்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ஒரு கட்டுரை எழுதினார்கள். இச்சொற்களை இரண்டு விசைகள் இயக்குகின்றன என்றார்கள். ஒன்று அதிகாரம், மற்றொன்று நெருக்கம். அதிகாரம் ஆளும்போது மேலே இருப்பவர் நீ என்பார், கீழே இருப்பவர் நீங்கள் என்பார். நெருக்கம் ஆளும்போது இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொள்வார்கள். ஐரோப்பா மெல்ல மெல்ல முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்த நகர்வு அமைதியாக நடக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், குடிமக்கள் எல்லோரும் ஒருவரையொருவர் 'தூ' என்றே அழைக்க வேண்டும் என்று மக்கள் மன்றத்திடம் மனுக் கொடுத்தார்கள். சட்டமாக்கப்படவில்லை, ஆயினும் புரட்சிக் காலத்தில் அது பரவியது. புரட்சியின் வேகம் தணிந்ததும் 'வூ' திரும்பி வந்தது.

சமத்துவம் பேசிய அதே பிரெஞ்சு மொழி குடியேற்ற நாடுகளில் வேறு விதமாக ஒலித்தது. 1960 ஜூன் 30-ஆம் தேதி காங்கோ விடுதலை பெற்ற விழாவில், பெல்ஜிய மன்னரின் முன்னிலையில் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா பேசினார். தம் மக்கள் பட்ட அவமானங்களை அடுக்கியபோது, கறுப்பர்களைத் 'தூ' என்று அழைத்தது நட்பினால் அல்ல, 'வூ' என்னும் மதிப்பு வெள்ளையருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் என்று சுட்டிக்காட்டினார். அடிபட்டதையும் நிலம் பறிபோனதையும் சொன்ன அதே மூச்சில் ஓர் இரண்டெழுத்துச் சொல்லையும் சொன்னார் என்றால், அது எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்க வேண்டும்!

நமக்கு இது புரியாத செய்தியா? தலை நரைத்த உழவுத் தொழிலாளியைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் 'வாடா போடா' என்று அழைத்ததும், அவர் அந்தச் சிறுவனைச் 'சின்ன ஐயா' என்றதும் நம் ஊர்களில் நடந்தவைதாம். சாதி கேட்டு 'நீ' சொல்லும் பழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று இன்றும் யாரும் சத்தியம் செய்ய முடியாது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை பிரான்சிலிருந்து ஒரு பெண்மணி வந்து மூன்று மாதம் தங்கினார். தமிழில் நாலு சொல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். நீ என்றால் தூ, நீங்கள் என்றால் வூ என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாளே, எங்கள் தளத்தைத் துடைக்கும் அம்மாவிடம் சென்று "வாங்க, எப்படி இருக்கீங்க?" என்றார். அந்த அம்மா தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். அவர் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று. பிறகு என்னிடம் வந்து, "அந்தம்மாவுக்குத் தமிழ் சரியா வரலை போலிருக்கு சார். என்னைப் போய் வாங்கங்கிறாங்க" என்றார். பிரெஞ்சுப் பெண்மணி பேசிய தமிழில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அந்தத் தளத்தில் தமிழர்கள் முப்பது பேராவது இருந்தோம்.

கணினிக்கு வரும் திண்டாட்டம்

மென்பொருள் வேலையில் 'யூ' எப்படிப் படுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். திரையில் வரும் ஆங்கில வாசகங்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தனித்தனி வரிகளாகவே வந்து சேரும். யார், யாரிடம், எப்போது பேசுவது என்ற குறிப்பு இருக்காது. "ஆர் யூ ஷ்யூர்?" என்ற மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை அழிக்கும் முன் கணினி கேட்கும் கேள்வி. பிரெஞ்சில் முதலில் தூவா வூவா என்று தீர்மானிக்க வேண்டும். வங்கி, காப்பீடு என்றால் 'வூ'. சிறுவர் விளையாட்டு என்றால் 'தூ'. அடுத்து, 'ஷ்யூர்' என்பதற்கு உரிய பிரெஞ்சுச் சொல் எழுத்தில் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. திரைக்கு முன்னால் இருப்பவர் ஆணா பெண்ணா? தெரியாது. ஆகவே அனுபவம் உள்ளவர்கள் கேள்வியையே மாற்றி, "உண்மையிலேயே அழிக்க விரும்புகிறீர்களா?" என்ற பொருளில் எழுதிவிடுவார்கள். பால் வேறுபாடு எழாது.

பொத்தான்களில் இன்னொரு நுட்பம். பிரெஞ்சில் 'சேமித்தல்', 'நீக்குதல்' என்பதுபோல் வினையின் பொது வடிவத்தையே பொத்தானில் எழுதுவது வழக்கம். தூ, வூ தகராறே வராது. தமிழில் 'சேமி', 'நீக்கு', 'அனுப்பு' என்று ஒருமை ஏவலில் எழுதுகிறோம். ஆனால் அதே திரையில் "உங்கள் கடவுச்சொல் தவறு" என்று பன்மையில் வருகிறது. இது முரண்பாடு என்று சிலர் வாதிட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொத்தானை அழுத்தும்போது நாம் கணினிக்குக் கட்டளை இடுகிறோம். அதை 'நீ' என்கிறோம். செய்தி காட்டும்போது கணினி நம்மிடம் பேசுகிறது. நம்மை 'நீங்கள்' என்கிறது. எசமானுக்கும் ஏவலாளுக்கும் இடையே உள்ள பழைய வழக்கு கணினித் திரைக்கும் வந்துவிட்டது!

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு மிகவும் முன்னேறிவிட்டது. ஆனாலும் ஒரு கடிதத்தின் முதல் பத்தியில் 'வூ'வும் மூன்றாம் பத்தியில் 'தூ'வுமாகக் கலந்து வருவது இன்றும் நடக்கிறது. ஆங்கில மூலத்தில் அந்தத் தகவலே இல்லாதபோது இயந்திரம் எங்கிருந்து எடுக்கும்? ஊகிக்கத்தான் முடியும். புகார் சொன்ன வாடிக்கையாளருக்குப் போகும் பதிலில் இப்படி ஒரு 'தூ' நுழைந்துவிட்டால், பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அவர் கோபம் ஆறாது. ஆகவே இளைஞர்களுக்கு என் அறிவுரை: இயந்திரத்திடம் கொடுக்கும் முன், யாருக்கு எழுதுகிறோம், எந்த வடிவம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதில் வந்ததும் உடைமைச் சொற்களை (தோன், தா, தே, வோத்ர், வோ) மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கலப்படம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் துய்ப்ளே துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை செய்ததும் இதே வேலைதான்: சொல்லை மாற்றுவதோடு மரியாதையையும் சேதமில்லாமல் அக்கரை சேர்ப்பது.

கன்னடத்திலும் உண்டு

நாம் வாழும் மண்ணின் மொழியை மறந்துவிடக் கூடாது. கன்னடத்தில் 'நீனு', 'நீவு' என்று இரண்டு சொற்கள் உண்டு. நம் நீ, நீங்கள் போலவே. 'பா' என்றால் வா. 'பன்னி' என்றால் வாருங்கள். (புதிதாக ஓசூர் தாண்டி வருபவர்கள் 'பன்னி, பன்னி' என்று அன்போடு வரவேற்கப்பட்டுத் திகைத்து நிற்கும் கதை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு.) தெருவில் காதில் விழுந்ததைக் கொண்டே கன்னடம் கற்றுக்கொண்ட நம்மவர் பலர், 'பா, ஹோகு' என்ற ஒருமை வடிவங்களை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வயதான கன்னடக்காரரிடம் அதைச் சொல்லும்போது, மொழி தெரியாத குறை என்று அவர் நினைக்க மாட்டார். மரியாதை தெரியாத குறை என்றே நினைப்பார். வந்த இடத்தில் மனக்கசப்பு வளர இதுபோன்ற சிறு காரணங்களும் போதும்.

ஒரு வழியும் சொல்கிறேன். எந்த வடிவம் என்று தெரியாத இடத்தில் ஆளைச் சுட்டாமலே பேசும் கலை நம் மொழிகளில் உண்டு. "சாப்பாடு ஆச்சா?" என்கிறோம். கன்னடத்தில் "ஊட்டா ஆயித்தா?" என்கிறார்கள். நீயும் இல்லை, நீங்களும் இல்லை. அன்பு மட்டும் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடுகிறது. அதன் ஒரு பெட்டியில் ஐந்தாறு மொழிகள் காதில் விழும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் நினைக்கிறார்கள். வீட்டில் அதைத் தமிழாக்கிச் சொல்கிறார்கள். அவர்கள் மனத்தில் 'யூ' ஒன்றுதான் இருப்பதால், தமிழில் சுருக்கமான 'நீ' வாயில் வந்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்த பாட்டியிடமும் 'நீ எப்ப வந்தே?', காவலாளியிடமும் 'நீ கேட்டைத் திற'. பாட்டி சிரித்துக்கொண்டு திருத்துவார். காவலாளி திருத்த மாட்டார். திருத்தும் இடத்தில் நாம் அவரை வைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இதை இலக்கணமாகச் சொல்லிக் கொடுத்தால் ஏறாது. ஒன்றிரண்டு எளிய வழிகள் உண்டு. உறவுப் பெயரைச் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்: "அண்ணா, கேட்டைத் திறங்க", "அக்கா, தண்ணி குடுங்க". 'அண்ணா' என்று தொடங்கிவிட்டால் அடுத்து 'திற' என்று வருவது கடினம், நாக்கே தயங்கும். பிரெஞ்சு படிக்கும் வயதுப் பிள்ளை இருந்தால், பாடத்தில் வரும் ஒவ்வொரு 'வூ'வையும் தமிழில் 'நீங்கள்' என்று சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். ஒரே முயற்சியில் இரண்டு மொழியும் திருந்தும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் நம் வாயைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பிரெஞ்சு வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு 'தூ' வந்துவிடக் கூடாதே என்று நான்கு முறை சரிபார்க்கிறோம். வேலை முடிந்து வெளியே வந்ததும் ஆட்டோ ஓட்டுநரிடம் "வரியா? எவ்வளவு கேப்பே?" என்கிறோம். அவருக்கும் வீட்டில் கல்லூரி போகும் மகன் இருக்கலாம். 'வர்றீங்களா' என்று சொல்ல ஒரு நொடிகூடக் கூடுதலாக ஆகாது, கட்டணமும் கூடாது. நாளை காலையிலேயே தொடங்கலாம்.